ஏழாம் குழியின் அளவு

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. பல் மருத்துவரின் வரவேற்பறையில் பக்கத்து நாற்காலிப் பெண் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இருமினதாலதான் ஏறிச்சுன்னு எழுதிட்டேன். இப்ப யோசிச்சா, ஏறினப்புறம்தான் இருமினேனோன்னு இருக்கு." உள்ளே கூப்பிட்டார்கள், போய்விட்டாள். அவள் எதை அளந்தாள் என்று எனக்குத் தெரியாது. மீதி எல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி வானத்தை நோக்கி—'

வேண்டாம். புகைபோக்கி என்றாலே எனக்குக் கவிதை வந்து தொலைக்கிறது.

இரண்டாவது: அவள் அளவுக்காரி. ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, அழுத்தி, குழாய் வழியாகப் பாறைக்கு அடியில் புதைக்கிறார்கள். புதைத்தது மேலே கசிகிறதா என்று பார்க்க ஏழு சிறு குழிகள். மூடியைத் திறந்து கருவியை இறக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். நாம் விடும் மூச்சிலும் அதே வாயுதான். தப்பித்தவறி மூச்சு பட்டு எண் எகிறினால், குறிப்பில் 'மூச்சு' என்று எழுதிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். எல்லோரும் எழுதுவார்கள். மறுபடி அளப்பவர்கள் குறைவு.

நேற்று ஏழாம் குழியில், அறுநூறு இருக்க வேண்டிய இடத்தில் மூவாயிரம். அவளுக்குச் சளி. 'மூச்சு' என்று எழுதிவிட்டு வந்துவிட்டாள்.

3

(அவள் இருமினாள். எண் ஏறியது.
எண் ஏறியது. அவள் இருமினாள்.
எனக்கு இது இரண்டு வாக்கியங்களை இடம் மாற்றும் வேலை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.)

காலையில் மேலாளரிடம் போனாள்.

"ஏழாவதைத் திரும்ப அளக்கணும் சார்."

"மூச்சுன்னுதானே எழுதியிருக்கீங்க?"

"சந்தேகமா இருக்கு சார்."

"அளந்து அதிகமா வந்தா குழாயை மூடணும்மா. மூடினா ஆலை விடுற அவ்வளவு வாயுவும் புகைபோக்கி வழியா வானத்துக்குத்தான் போகும். சந்தேகத்துக்காக அதைச் செய்யவா?"

இவரை வில்லனாக்கத்தான் நினைத்திருந்தேன். பேச்சில் பாதி நியாயம் வந்து உட்கார்ந்துவிட்டது.

4

ஏழாம் குழிக்குக் கீழே சரிவு, சரிவின் அடியில் ஒரு வீடு. இந்த வாயு காற்றைவிடக் கனம். காற்றடிக்காத நாளில் பள்ளத்தில் தேங்கும்; அதைச் சுவாசித்தால் தலை கனக்கும், அதிகமானால் உயிரே போகும். முதலில் அந்த வீட்டைக் காலியாகத்தான் எழுதினேன். கதை அசையவில்லை. அவளுடைய அம்மாவைக் குடிவைத்தேன். செய்ததற்கு வெட்கப்படுகிறேன்.

"ரெண்டு நாளா தலை கனமா இருக்குடி. கண்ணாடி மாத்தணும் போல."

"கொஞ்ச நாள் அக்கா வீட்டுல போய் இரும்மா."

"எதுக்குன்னு சொல்லு, போறேன்."

சொன்னால், தான் எழுதியது பொய் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

('தலை கனமா இருக்கு' என்ற வரியை அடித்துவிட்டேன். மறுபடி சேர்த்தேன். கண்ணாடியாகவும் இருக்கலாம், இல்லையா?)

5

முடிவு அ: யாரையும் கேட்காமல் போய் அளக்கிறாள். அறுநூறு. எழுதியதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

முடிவு ஆ: நாலாயிரம். சரிவில் ஓடுகிறாள், கதவைத் தட்டுகிறாள், உள்ளே—

கை வரவில்லை.

இப்போது அவள் குழியின் முன் நிற்கிறாள். மூடி திறந்திருக்கிறது. தொண்டையில் இருமல் முட்டுகிறது. எண் நிலைக்க ஒரு நிமிடம் ஆகும். கட்டத்தை நீங்களே நிரப்புங்கள்: ________

அதற்கு முன் ஒன்று. அவளுடைய அம்மாவை நான் திருப்பி அழைத்துக்கொள்கிறேன். அவர் கற்பனை, எங்கே வேண்டுமானாலும் இருந்துகொள்வார். வீடு காலியாக இருக்கிறது. உங்கள் அம்மாவை அங்கே உட்கார வைத்துவிட்டு எண்ணை எழுதுங்கள்.