வந்தவள் போய்விட வேண்டும்

'நெடுவான்' தொடரைப் பார்க்காதவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு விண்கப்பல் எங்கேயோ போய்க்கொண்டே இருக்கிறது. இன்னும் போய்ச் சேரவில்லை. கேப்டன் மாறனை எத்தனையோ முறை கடத்தியிருக்கிறார்கள், சுட்டிருக்கிறார்கள், பாறையிலிருந்து உருட்டியிருக்கிறார்கள். மறுவாரம் சட்டை கசங்காமல் வந்து நிற்பார். அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ஒரு வாரம் விட்டதில்லை.

அந்தத் தொடரை வைத்து நாவல் போடும் உரிமையைச் சென்னைச் சேனலிடம் வாங்கியிருந்தார் எங்கள் அச்சக முதலாளி நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சி. சிவகாசியில் காலண்டரும் பட்டாசு லேபிளும் அடிக்கிற மிஷின்களுக்கு நடுவே அவருக்கு இப்படி ஓர் ஆசை. முதல் மூன்று நாவலை எழுதிய சென்னைக்காரர் சினிமாவுக்கு ஓடிவிட்டார். நான்காவது என் தலையில் விழுந்தது. நான் அங்கே கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறவன். முந்தைய மூன்றையும் அடித்தபோது, அந்த எபிசோடில் அப்படி வரவில்லை, இந்த எபிசோடில் இப்படி வரவில்லை என்று சண்டை போட்டவன்.

"அம்புட்டும் தெரிஞ்ச மாதிரி பேசுறேல்ல, நீயே எழுதுலே பாண்டி" என்றார் அண்ணாச்சி.

சேனலின் சட்டம் எளிமையானது. புத்தகம் தொடங்கும்போது கப்பல் எப்படி இருந்ததோ, முடியும்போதும் அப்படியே இருக்க வேண்டும். கேப்டன் சாகக் கூடாது, கல்யாணம் பண்ணக் கூடாது, மீசையைக்கூட எடுக்கக் கூடாது. நாமாகப் புது ஆள் ஒருவரைக் கொண்டுவரலாம். ஆனால் கடைசிப் பக்கத்தில் அவர் கப்பலில் இருக்கக் கூடாது.

நான் என்ஜின் அறைக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தேன். பொன்மணி என்று பெயர் வைத்தேன். என் மனைவியின் பெயர். வேறு எந்தப் பெயரும் கைக்கு வரவில்லை.

நிஜப் பொன்மணி தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு வெடிமருந்து அடைக்கிறாள். காலையில் எங்கள் தெரு முனைக்கு வேன் வரும், சாயந்திரம் கொண்டுவந்து விடும். குளித்து, உடம்பில் ஒட்டின அலுமினியத் தூளின் வெள்ளி போகத் தேய்த்துவிட்டு அடுப்படிக்கு வந்ததும் முதலில் கேட்பாள்: "இன்னைக்கு நான் என்ன செஞ்சேன்?"

எழுதினதைப் படித்துக் காட்டுவேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டே கேட்பாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பாள். கேப்டனை எதிர்த்துப் பேசுகிற இடம் வந்தால், "இன்னொருக்கா படிங்க" என்பாள். மறுநாள் அத்தனையும் வேனுக்குப் போகும். வேனில் வருகிற பெண்களுக்கு அவள்தான் கதைசொல்லி. செல்லக்கனி என்று ஒரு பெண், கதை கேட்பதற்காகவே ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்து அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறாளாம். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் வாசகர்கள் அந்த வேன்தான். பெருமையில் தலைகால் புரியாமல் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணாச்சி அட்டைப்படத்தோடு வந்து நின்றார். அட்டை அடித்தே முடித்துவிட்டார்கள். கப்பலின் வயிறு வெடித்து, சிவப்பும் மஞ்சளுமாகத் தெறிக்கிற படம். எங்கள் ஊர் ஓவியருக்கு அதை வரையச் சொல்லித்தரவா வேண்டும்?

"கடைசி அத்தியாயம் எங்கலே? நாளைக்கு அச்சுப் பிளேட்டு போடணும். அதுக்கப்புறம் மிஷினைக் காலண்டர்காரன் பிடிச்சுக்கிடுவான்."

"என்ஜின் ரூம் பொம்பளைய என்ன செய்யன்னு யோசிக்கேன் அண்ணாச்சி."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? படத்தைப் பாரு. என்ஜின் வெடிக்கி, அவ கப்பலைக் காப்பாத்திட்டுச் சாகுதா. சேனல்ல கேட்டுட்டேன். ரொம்ப நல்லாருக்குன்னுட்டாக."

அவர் போய்விட்டார். நான் உட்கார்ந்தேன். எழுந்தேன். தண்ணீர் குடித்தேன். 'என்ஜின் அறையின் கதவை அவள் உள்ளிருந்து சாத்தினாள்' என்று அடித்தேன். அழித்தேன். பெயரை மாற்றினால் தேவலை என்று செண்பகவல்லி என்று போட்டுப் பார்த்தேன். பெயரை மாற்றினால் ஆள் மாறுமா? அவள் அதே மாதிரி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அதே மாதிரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். மறுபடி பொன்மணி என்றே போட்டேன். மறுபடி கதவைச் சாத்தினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. மிஷின்கள் நின்றன. எல்லோரும் தெருவுக்கு வந்து வானத்தைப் பார்த்தோம். சத்தம் கேட்டால் புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்க்க எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எதிர்க்கடைக்காரரும் அண்ணாந்து நின்றார். பேருந்திலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ஆளாளுக்கு போனைக் காதில் வைத்திருந்தார்கள்.

நானும் பொன்மணிக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். கம்பெனிக்குள் செல்போன் கூடாது, வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். தெரிந்தும் திரும்பத் திரும்ப அடித்தேன். சற்று முன்னால்தான் அவளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியிருந்தேன். என் கையை எனக்கே பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தகவல் வந்தது. கல்குவாரியில் வைத்த வேட்டாம். யாரோ சிரித்தார்கள். மிஷின்கள் ஓடத் தொடங்கின. நான் மட்டும் சீட்டுக்குத் திரும்பவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

வேன் வருவதற்கு முன்பே தெரு முனையில் போய் நின்றேன். அவள் இறங்கினாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்னாச்சு? இந்நேரத்துக்கு இங்கன நிக்கீக?"

"சும்மாதான்."

"சத்தங் கேட்டுச்சா அங்கன?"

"கேட்டுச்சு."

"எங்களுக்கும் கேட்டுச்சு. குவாரியாம்." வீட்டைப் பார்த்து நடந்தாள்.

குளித்துவிட்டு வந்தாள். அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். "இன்னைக்கு நான் என்ன செஞ்சேன்?" என்றாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. அண்ணாச்சி சொன்னதைச் சொன்னேன். அட்டைப்படத்தையும் சொன்னேன். அவள் அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வெங்காயத்தை மட்டும் எடுக்கவில்லை.

"நாளைக்கு வேன்ல நான் என்னத்தச் சொல்ல?" என்றாள். "அங்கன இருக்க அம்புட்டுப் பேரும் அடுத்து என்ன, அடுத்து என்னன்னு கேக்காக. வெடிச்சு அவ செத்துப் போனான்னு, அந்த வேன்ல உக்காந்து சொல்லவா?"

"சேனல் சட்டம் அப்படி. வந்தவ போயிடணுமாம்."

"போறதுன்னா செத்துத்தான் போகணுமா? இறங்கிப் போகக் கூடாதா?"

நான் அவளையே பார்த்தேன். பதினோரு வருடத்தில் ஓர் ஆள்கூட அந்தக் கப்பலிலிருந்து இறங்கிப் போனதில்லை. வெடித்துப் போனார்கள், வெட்டவெளியில் விழுந்து போனார்கள். கதவைத் திறந்து, ஏணியில் கால்வைத்து, வேறு வேலை பார்க்கப் போனவர் ஒருவர்கூட இல்லை. இத்தனை எபிசோடுக்குச் சண்டை பிடித்த எனக்கு அது தோன்றவேயில்லை. எப்படித் தோன்றும்? எங்கள் தெருவில் பட்டாசு வேலையை விட்டு யார் இறங்கியிருக்கிறார்கள்?

"இறக்கிடலாம்" என்றேன். "ஆனா எதுக்கு அவ இறங்குதான்னு கேப்பாகளே. காரணம் ஒண்ணு எழுதணும்."

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உலை கொதித்து மூடி தடதடத்தது. எழுந்து தீயைக் குறைத்தாள்.

"பயமா இருக்குன்னு எழுதுங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து வேனுக்குப் போகிறவள். ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லை. நானும் ஒரு நாளும் கேட்டதில்லை. பக்கத்து ஊரில் விபத்து நடந்து துக்கத்துக்குப் போய்வந்த மறுநாள்கூட, தூக்குச்சட்டியில் சோற்றைப் போட்டுக்கொண்டு ஏறிப் போனாள். தைரியக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அங்கேயே அடுப்படியில் உட்கார்ந்து போனில் எழுதினேன். சோறு வடிப்பதற்குள் முடிந்துவிட்டது. பெயர் தெரியாத ஒரு கிரகத்தில், கரிசல் நிலத்தில் கப்பல் நிற்கிறது. பொன்மணி தலைத்துண்டை அவிழ்த்து உதறிவிட்டு இறங்குகிறாள். கேப்டன் காரணம் கேட்கிறார். அவள் சொல்கிறாள். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அந்த மனிதர், ஒருத்தி இறங்குவதற்கு ஏணியைப் பிடித்துக்கொள்கிறார்.

அனுப்பியதும் அண்ணாச்சி கூப்பிட்டார்.

"ஏலே, அட்டையில வெடிக்கிற மாதிரி போட்டாச்சேலே! அதை என்ன செய்ய?"

"வெடிக்கட்டும் அண்ணாச்சி. அவ இறங்கினதுக்கப்புறம் வெடிக்கட்டும். என்ஜின் ரூம்ல ஒரு ஆளும் இல்லாம வெடிக்கட்டும், பொறவு சரிபண்ணிக்கிடுவாக."

அதற்குமேல் அண்ணாச்சி அட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. அவருக்கும் மச்சான் வகையில் பட்டாசுக் கம்பெனி உண்டு.

"சரி, வந்தவ போயிட்டால்ல, சேனலுக்கு அது போதும்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை வேன் ஹாரன் அடித்தது. பொன்மணி தூக்குச்சட்டியோடு தெரு முனைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏறாதே என்று சொல்ல நினைத்தேன். வீட்டுச் செலவு கண்முன் வந்து வாயை அடைத்தது. என்மேலேயே கோபம் வந்தது.

செல்லக்கனி ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "யக்கா, அவ என்ன ஆனா?"

"இறங்கிட்டா" என்றாள் பொன்மணி.

"இறங்கிட்டாளா? எங்கன?"

"எங்கனயோ. உசுரோட இறங்கிட்டா."

வேனுக்குள் யாரோ கைதட்டினார்கள். டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார். "கதை பொறவு பேசலாம்மா, ஏறுங்க. நேரமாச்சு."

பொன்மணி படியில் ஒரு காலை வைத்தாள். உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் அந்தக் காலை எடுத்துக் கீழே வைத்தாள்.

"நான் வரலண்ணே" என்றாள்.

"உடம்புக்கு என்னம்மா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல."

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் அவளிடமிருந்து தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டேன். சோறு இன்னும் சூடாக இருந்தது. செல்லக்கனி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் திரும்புகிறவரை அவள் தலையை உள்ளே இழுக்கவில்லை.