துவரைக்கு நடுவே

அன்னக்கொடிக்குக் கால் முறிந்தது ஆவணியில். கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்துவிட்டது. மாவுக்கட்டோடு கீழக்குயில்குடியில் அம்மா வீட்டுக்குப் போனவள், கட்டுப் பிரித்து, நடந்து பழகி, திருவாதவூர்ப் பக்கம் இருந்த தன் ஊருக்குத் திரும்பியபோது கார்த்திகை பிறந்துவிட்டது. தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது.

வந்த மறுநாளே காட்டுக்குக் கிளம்பினாள். கணவன் பேயாண்டி வாசலை மறித்தான்.

“இந்தக் காலை வச்சுக்கிட்டு எங்க கெளம்பிட்ட? வரப்பெல்லாம் சகதி. நான் பாத்துக்கிறேன்ல?”

இவ்வளவு அக்கறை அவனுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. கீழக்குயில்குடிக்கு அவன் வந்து பார்த்ததே ஒரே தடவைதான். அப்போதும் எப்ப வருவ, எப்ப வருவ என்று திரும்பத் திரும்பக் கேட்டான். தன்னைத் தேடித்தான் கேட்கிறான் என்று அவள் நினைத்திருந்தாள்.

அவன் மேலூருக்குப் போனதும் கம்பை ஊன்றிக்கொண்டு காட்டுக்குப் போனாள். ஒன்றரை ஏக்கர். கல்யாணத்தின்போது அவள் அப்பா அவள் பெயரிலேயே பத்திரம் முடித்துக் கொடுத்தது. பட்டாவும் அவள் பெயரில்தான். வரப்பில் நின்று பார்த்தபோது துவரை மஞ்சளாகப் பூத்து அழகாக இருந்தது. உள்ளே நாலு சால் தள்ளிப் போனதும் ஒரு வாடை குப்பென்று அடித்தது. வைகைப் பாலத்துக்கு அடியில் பரதேசிகள் உட்கார்ந்து இழுக்கும்போது வரும் வாடை. இங்கே அது பச்சையாக இருந்தது.

துவரைச் சாலுக்கு ஊடே, அவள் உயரத்துக்கும் மேலே, விரல் விரித்த இலைகளோடு கஞ்சாச் செடிகள் நின்றன. கொப்பை இழுத்தால் கையில் பிசின் ஒட்டியது. காட்டின் நடுவில் வெளியே தெரியாமல் ஒரு பாதையே போட்டிருந்தார்கள். ஒரு கொப்பை ஒடித்து எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பேயாண்டி வந்ததும் கையில் இருந்த கொப்பை அவன் முகத்தில் எறிந்தாள்.

“என்னய்யா இது?”

அவன் மறுக்கவில்லை. “சோணைதான் விதை கொண்டாந்தான். தம்பி சொல்றானேன்னு போட்டேன். நம்ம வெயிலுக்கும் மண்ணுக்கும் தானா வளந்துச்சு. ஆண் செடியக் கண்டு கண்டு புடுங்கிப் போட்டது மட்டுந்தான் வேலை. இன்னும் ஒரு வாரத்துல அறுத்துருவோம். நீ சத்தம் போடாத.”

“ஒங்க அண்ணந்தம்பி காடு மூணு ஏக்கர் கெடக்குல்ல? அதுல போட வேண்டியதுதான?”

பேயாண்டி தலையைச் சொறிந்தான். “பொம்பள பேர்ல இருந்தா கேஸு வந்தாலும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு சோணைதான்…”

அவன் முடிக்கவில்லை. அவளும் முடிக்க விடவில்லை. அடுப்படியில் இருந்த உலையை அப்படியே முற்றத்தில் கொட்டினாள். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். ஏட்டு அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, “பட்டா யார் பேர்ல?” என்றார்.

“என் பேர்ல.”

“அப்ப மொதக் குத்தவாளி நீதான். பேசாம வீட்டுக்குப் போத்தா.”

அவள் பஸ் பிடித்து ஊருக்கு வந்து சேர்வதற்குள் பேயாண்டிக்கு விஷயம் தெரிந்திருந்தது. “ஸ்டேஷனுக்குப் போனியாமே?” என்று கன்னத்தில் அறைந்தான். அந்த அறையில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. ஏட்டு, கொழுந்தன், புருஷன் மூன்று பேரும் ஒரே ஆள்.

திங்கட்கிழமை விடியற்காலையில் அண்ணனும் தம்பியும் வியாபாரியைக் கூட்டிவரக் கிளம்பிப் போனார்கள். அன்னக்கொடி பக்கத்துக் காட்டு முனியாயியைக் கூப்பிட்டாள். மழையில் ஊறிய மண், செடிகள் வேரோடு வந்தன. முனியாயி பயந்து பயந்து பிடுங்கினாள். அன்னக்கொடி ஒவ்வொரு செடியையும் பேர் சொல்லித் திட்டிக்கொண்டே பிடுங்கினாள். இது சோணை. இது பேயாண்டி. இது ஏட்டு. வெயில் ஏறும்போது வரப்பெல்லாம் குவியலாகக் கிடந்தது. தலையில் தூக்கக்கூடிய அளவுக்கு ஒரு கட்டுக் கட்டினாள்.

“எங்கக்கா கொண்டுபோற?”

“கலெக்டராபீசுக்கு. இன்னைக்கு மனு வாங்குற நாளு.”

பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைச் சுளித்தார். “என்னக்கா கட்டு? வாடை தூக்குது.”

“கலெக்டர் வீட்டு ஆட்டுக்குத் தழை.”

மதுரையில் இறங்கி மனுக் கொடுக்கும் வரிசையில் கட்டோடு நின்றாள். முறை வந்ததும் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கை நீட்டினார். “மனு எங்கம்மா?”

“இதான்யா மனு.” கட்டை மேஜை முன்னால் போட்டு அவிழ்த்தாள்.

வரிசை கலைந்து பின்வாங்கியது. போலீஸ்காரர்கள் ஓடி வந்தார்கள். அவள் புருஷன் பேரையும் கொழுந்தன் பேரையும் ஏட்டு பேரையும் தொண்டை கிழியக் கத்தினாள். யாரோ ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுத்தார்.

ஆனால் சாயங்காலம் அவளை ஒப்படைத்ததே அந்த ஏட்டு இருந்த ஸ்டேஷனில்தான். பஸ் ஸ்டாண்டில் விற்பதற்காகக் கஞ்சா கொண்டு வந்தவளைப் பிடித்ததாக எழுதினார்கள். அன்னக்கொடி ஜெயிலுக்குப் போனாள்.

பத்து நாள் கழித்து மகள் தங்கப்பொண்ணு ஆனையூரிலிருந்து பார்க்க வந்தாள். கட்டிக் கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள்.

“அம்மா, பேப்பர்ல படம் வந்ததுலேருந்து அப்பாவ வலை போட்டுத் தேடுறாங்களாம். நீ போட்டேன்னு ஒத்துக்கிட்டா பொம்பளன்னு கொறைச்சுக் குடுப்பாங்களாம். அப்பா வெளிய இருந்தா ஒனக்கு வக்கீல் வைப்பாரும்மா.”

“யாரு சொல்லிக் குடுத்தா? ஒன் சித்தப்பனா?”

மகள் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள்.

“ஒங்கப்பன் பண்ணுனதுக்கு நான் கஞ்சாக்காரின்னு பேர் வாங்கணுமா? போ. இதச் சொல்ல இனிமே வராத.”

அவள் போன பிறகு அன்னக்கொடி சுவரைக் கையால் அடித்து அடித்து அழுதாள். மகள்மேல் வந்த கோபம்தான் அவளை அதிகம் சுட்டது.

பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து ஜேசுராஜ் என்ற வக்கீல் தானாகவே வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்துவிட்டு வக்கீலானவர், இலவசமாக வாதாடுபவர். பஸ் ஸ்டாண்டில் பிடித்ததாகப் போலீஸ் சொன்னவள், பின்னால் கலெக்டர் அலுவலகப் போர்டு தெரிய நிற்கும் அந்தப் படத்தைக் கோர்ட்டில் காட்டினார். மாசி முடிவதற்குள் அவள் வெளியே வந்தாள். பிறகு வழக்கிலிருந்தும் விடுவித்தார்கள். துவரையை அறுக்க ஆளில்லாமல் காய் வெடித்து மண்ணில் உதிர்ந்து போயிருந்தது.

அதற்குள் பேயாண்டியும் சோணையும் பிடிபட்டிருந்தார்கள். அவர்கள் வழக்கில் அன்னக்கொடி சாட்சி சொல்லப் போனாள். கோர்ட் வராந்தாவில் அந்த ஏட்டும் தேய்த்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார். கஞ்சாத் தோட்டத்தைத் துப்புத் துலக்கிக் கண்டுபிடித்ததே அவர்தான் என்று அரசுத் தரப்பு அவரைச் சாட்சியாகப் போட்டிருந்தது.

கூண்டில் ஏறியவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னாள். புருஷனை நேராகப் பார்த்துச் சொன்னாள். அவன் தலை குனிந்தான். இறங்கலாம் என்றார்கள். இறங்கவில்லை.

“ஏட்டைப் பத்தி யாருமே கேக்கலையே?”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா” என்றார் நீதிபதி.

“நீங்க கேக்க மாட்டீங்கன்னுதான்யா நானாச் சொல்றேன். நான் மொத மொத போயிச் சொன்னதே அவர்ட்டதான். என்னைய விரட்டிட்டு என் புருஷன்ட்ட சொல்லிவிட்டாரு. அதயும் எழுதுங்க. எழுதுனாத்தான் எறங்குவேன்.”

நீதிபதி டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி எழுதச் சொன்னார்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் தண்டனை கிடைத்தது. ஏட்டை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். அதைச் சொல்ல வந்த ஜேசுராஜ், “இம்புட்டு நடந்ததே பெருசும்மா” என்றார்.

“எனக்குப் பெருசு இல்ல சார்,” என்றாள் அன்னக்கொடி. “அடுத்து எங்க போயிச் சொல்லணும், அதச் சொல்லுங்க.”