வலஞ்சுழி விமானம்

பயணிகள் விமானத்தில் சாப்பாட்டுத் தட்டு மடங்குகிறதே, அதன் பிணைச்சலைப் பதினொரு வருடம் வடிவமைத்தவள் நான். உங்கள் மடியில் எப்போதாவது தேநீர் கொட்டியிருந்தால் அது என் கைவண்ணமாக இருக்கலாம். அதனால் செவன் கிங்ஸில் இருக்கும் பத்மநாதன் அண்ணை கூப்பிட்டு, "சிவமலர், எனக்கொரு சண்டை விமானம் கீறித் தாரும்" என்றபோது, என்ன சம்பளம் என்றுகூடக் கேட்காமல் ஓம் என்றேன்.

அண்ணை மொத்த மளிகை வியாபாரி, கோயில் சபைத் தலைவர். போன தேர்த் திருவிழாவில் யாரோ படம் எடுக்க விட்ட ட்ரோன் அவருடைய தலைப்பாகையைத் தட்டிக்கொண்டு போய்ப் பால்குடத்தில் விழுந்தது. ஊரில் உள்ள ட்ரோன் எல்லாவற்றையும் சுட்டு விழுத்துவதாக அன்றே சபதம் எடுத்துவிட்டார். முதலில் ஜெட் கேட்டார். ட்ரோனைப் பார்ப்பதற்குள் ஜெட் அதைத் தாண்டிப் போய்விடும், விசிறி வைத்த விமானந்தான் தோது என்றேன். துப்பாக்கிக்கு யார் அனுமதி தருவார்கள் என்று கேட்காதீர்கள். அண்ணையிடம் அதைக் கேட்க எனக்கும் தைரியம் இல்லை.

குரோய்டனில் டிராம் பாதையோரம் ஒரு கிடங்கு எடுத்தோம். நானும், கணக்குப் போட மதுரையிலிருந்து வந்த கிரணும் எட்டு மாதம் அங்கேயே கிடந்தோம். கார்பன் நாரில் உடல், சின்ன ராடர், பைலட்டின் தலைக்கவசக் கண்ணாடியிலேயே குறி தெரியும் வசதி. முன்மாதிரியின் மூக்கில் நிஜ எஞ்சினையும் விசிறியையும் பூட்டினோம். அண்ணை கையெழுத்துப் போட்டால் பறக்கும் விமானம் கட்டலாம். இல்லாவிட்டால் எனக்கு மறுபடி பிணைச்சல்தான்.

அண்ணை வந்தார். விமானத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். விசிறி மெல்லச் சுற்றத் தொடங்கியது. அவர் முகம் கறுத்தது.

"பிள்ளை, இது இடமாச் சுத்துது."

"பைலட் பக்கமிருந்து பார்த்தா வலம்தான் அண்ணை."

"சாமியை முன்னுக்கு நிண்டெல்லோ கும்பிடுறம்? ஆர் பின்னுக்குப் போய்க் கும்பிடுறது?"

கிரண் குறுக்கிட்டான். "இந்த எஞ்சின் ஒரு பக்கம்தான் சார் சுத்தும். மாத்தணும்னா ரெண்டு வருஷம் ஆகும்."

"அப்ப வேண்டாம். இடமாச் சுத்துறதில ஏறினவன் உருப்படுவானே?"

விசர் மனுசன் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே நோர்பரியில் என் வீட்டுக்குப் போனேன். ஆத்திரத்தில் செத்தல் மிளகாயைக் கருக்கிவிட்டேன். புகைக்கு அலாரம் அடிக்க முதல் மேசை விசிறியை யன்னல் பக்கம் திருப்பினேன். விசிறியின் முதுகு என்னைப் பார்த்தது. இவ்வளவு நேரமும் ஒரு பக்கமாகச் சுற்றியது, இப்போது மறுபக்கமாகச் சுற்றியது. அலாரம் அடித்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

எஞ்சினைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பி, காற்றைப் பின்னுக்குத் தள்ளும்படி விசிறி இதழ்களின் சாய்வை மாற்றி, வாலில் பூட்டினோம்.

"பைலட் குதிச்சா விசிறி அரைச்சிடும் மேடம்" என்றான் கிரண்.

"ஆளை ஆசனத்தோட மேல எறியிற ராக்கெட் இப்ப இருக்குதானே?"

கணக்கை மூன்று தரம் போட்டுப் பார்த்தோம். மூக்கு வெறுமையானதால் துப்பாக்கி நடுவிலேயே நேராக உட்கார்ந்தது. பைலட்டுக்கும் முன்னால் எல்லாம் தெரிந்தது. மூளையைக் கசக்கி நான் கீறியதைவிட அண்ணையின் பிடிவாதத்தில் வந்தது நல்ல விமானம். எனக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டாம் முறை அண்ணை முன்னால் நின்று பார்த்தார். வலம். "ஓம், இப்பதான் சரி" என்று சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார், கற்பூரம் கொளுத்தினார், தேங்காய் உடைத்தார். பிறகு கைகூப்பியபடி விமானத்தைச் சுற்றிவர நடந்தார்.

ராடர் வரைக்கும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. வலம் வருகிறவர் பின்பக்கமும் வருவார்.

வால் பக்கம் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே அவர் நின்றார். விசிறிக் காற்றில் சால்வை பறந்தது.

"பிள்ளை! இஞ்ச நிண்டு பார்த்தா இடமாச் சுத்துது!"

பதினொரு வருடப் பிணைச்சல்கள் என் கண்முன்னால் மடங்கி விரிந்தன.

"ஓம் அண்ணை," என்றேன். "சண்டையில எங்களுக்குப் பின்னால வாறது ஆர்? எதிரி. அவனுக்கு இடமாத்தான் சுத்த வேணும்."

அண்ணை விசிறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"அவன் உருப்படமாட்டான்!" என்று கத்திக்கொண்டு பேனாவை எடுத்தார்.

கிரண் என் காதருகே வந்தான். "மேடம், ட்ரோன்லதான் ஆளே கிடையாதே?"

அவன் காலை ஓங்கி மிதித்தேன். அண்ணை அப்போதுதான் முதல் எழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்.