பாட்டு வராத ஹெட்போன்

அலுவலகத்தில் அவருக்கு நீதிபதி என்று பெயர். சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றின் புகார்ப் பிரிவில் மூத்த எழுத்தர். உடைந்த பெட்டி, வழி தவறிய மூட்டை, நனைந்த பார்சல் என்று வருகிற புகார்களுக்குப் பதில் எழுதுவதுதான் சம்பளத்துக்கான வேலை. பெட்டிகளைப் பற்றி அவர் அவ்வளவாகக் கவலைப்பட்டதில்லை. உடன் வேலை செய்கிறவர்கள் மேல் தீர்ப்பு எழுதுவதிலேயே பொழுது போய்விடும்.

எதிர் மேசைக்காரன் மதியத்துக்கு மேல் வாயைப் பிளப்பான் என்பதால் அவன் கொட்டாவி. அவனுக்குப் பக்கத்து மேசைப் பெண் சிரித்தால் தட்டில் காசு கொட்டுகிற சத்தம் வரும் என்பதால் அவள் சில்லறை. யார் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிற மேலாளர், தலையாட்டி. இந்தப் பெயர்களை அவர் வீட்டில் மனைவியிடம் மட்டும்தான் சொல்வார். தினமும் சாப்பிட்டுக் கை கழுவும்போது கடைசித் தீர்ப்பு வரும்: அங்கே ஒருத்தருக்கும் ஒரு வரி உருப்படியாக எழுதத் தெரியாது, எல்லாம் தண்டச் சம்பளம். மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அப்போதுதான் பிரிவுத் தலைவர் ஓய்வு பெறப் போவதாகச் செய்தி வந்தது. அந்த நாற்காலிக்கு இரண்டு பேர்தான் பொருத்தம். ஒருவர் நீதிபதி. இன்னொருத்தி சில்லறை. அவருக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவள்தான், ஆனால் எந்த மூட்டை எந்தக் கிடங்கில் தூங்குகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். அவருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அந்த நாற்காலி தனக்கு இல்லையென்றால், இத்தனை வருஷமாகத் தான் அளந்து வைத்திருந்த உலகமே தப்புக் கணக்காகிவிடும் என்பது மட்டும் உறைத்தது. அந்தப் பயத்தில் அவருக்கு ராத்தூக்கம் போயிற்று.

அவர் அறைக்குள் நுழைந்தால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். அதை மரியாதை என்றுதான் நினைத்திருந்தார். இப்போது அது அரிக்க ஆரம்பித்தது. தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள், மேலாளரிடம் யார் என்ன ஓதுகிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும்.

வழியைக் காட்டியது பேருந்துதான். ஒரு பெண் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அவளுடைய செருப்பு, தலைமுடி, உடுப்பு என்று ஒன்றையும் விடாமல் பிரித்து மேய்ந்தார்கள். அவள் ஏதோ மேசை நாற்காலி மாதிரி அவர்களுக்கு. நீதிபதிக்கு மூளையில் மணி அடித்தது. காதை மூடிக்கொண்டால் போதும், ஊரே வாயைத் திறந்துவிடும்.

மச்சினனுக்கு இந்த மாதிரிச் சாமான்களில் ஞானம் உண்டு. அக்காவைப் பார்க்க வந்தவனிடம் கேட்டார். அவனும் பொறுமையாகச் சொன்னான்: பேரைப் பார்த்து ஏமாறக் கூடாது, கடையிலேயே கொஞ்ச நேரம் மாட்டிப் பார்த்துக் காது வலித்தால் வேண்டாம் என்று வைத்துவிட வேண்டும், மடித்துப் பையில் போடுகிற மாதிரி இருக்க வேண்டும், ஒரு பயணத்துக்குச் சார்ஜ் தாங்க வேண்டும். முக்கியமாக, பேருந்து ரயில் இரைச்சலைத் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்த விலையிலேயே இப்போது அப்படிப்பட்டது வந்துவிட்டது என்றான். எல்லாம் சரிதான், அந்த இரைச்சல் தடுப்பைத் தவிர. அதை அவனிடம் சொல்ல முடியாமல், இவனுக்கெல்லாம் என்ன தெரியும் என்கிற முகத்தோடு தலையை ஆட்டி வைத்தார்.

மனைவியிடம் மட்டும் திட்டத்தை உடைத்தார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"கேக்காத மாதிரி இருந்துகிட்டு எல்லாத்தையும் கேக்கணுமா? வீட்ல கேட்டும் கேக்காத மாதிரிதானே இருக்கீங்க. அதுக்கு எதுக்குங்க தனியா ஒரு சாமான்?"

அவளுக்குப் புரியாது என்று அன்றைக்கும் ஒரு தீர்ப்பு எழுதினார்.

கடையில் இருந்த விற்பனைப் பெண் முதலில் காதுக்குள் செருகுகிற ரகத்தைக் காட்டினாள். அதை விரலால் தள்ளினார். நான்கடி தள்ளி நிற்கிறவன் கண்ணுக்குக்கூடத் தெரியாத சாமானை மாட்டி யாரை ஏமாற்றுவது? அடுத்து, காதை முழுக்க மூடுகிற ரகம் வந்தது. மாட்டியதும் கடை முழுக்க ஊமையாகிவிட்டது. அவள் வாய் மட்டும் அசைந்தது. கழற்றிக் கீழே வைத்தார். கடைசியில் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். காது மேல் சும்மா உட்காருகிற ரகம், மெல்லிசு ஸ்பாஞ்சு, மடிக்கலாம், விலையும் குறைவு. சார் தப்பா நினைக்க வேண்டாம், இதில் வெளிச்சத்தம் எல்லாம் உள்ளே வரும், பேருந்துக்கு லாயக்கில்லை, நிறையப் பேர் திருப்பிக் கொண்டு வந்துவிட்டார்கள் என்று நேர்மையாகவே சொன்னாள்.

நீதிபதியின் முகம் மலர்ந்தது. அதை மாட்டிக்கொண்டு அவளைப் பின்னால் போய் நின்று பேசச் சொன்னார். பாட்டுப் போட்டுக் கேட்டுப் பாருங்கள் என்றாள். பாட்டு வேண்டாம், நீ பேசு என்றார். என்ன பேசுவது என்று தெரியாமல் அவள் விலைப்பட்டியலை வாசித்தாள். ஒரு சொல் விடாமல் கேட்டது. அடுத்த சந்தேகம், இது வேலை செய்கிறது என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? வெளிப்பக்கத்தில் ஒரு நீல விளக்கு எரியும் என்று பொத்தானை அழுத்திக் காட்டினாள். பிரமாதம் என்றார்.

"அது மினுக்கிட்டே இருந்தா என்னன்னா சார்..."

"ஏம்மா, எனக்குப் பாடம் நடத்தறியா? பில்லைப் போடு."

அவள் பில்லைப் போட்டாள்.

மறுநாளிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும் பொத்தானை அழுத்தி, மாட்டிக்கொண்டு, இல்லாத பாட்டுக்கு விரலால் தாளம் போட ஆரம்பித்தார். காதுமடல் வலித்தது, பொறுத்துக்கொண்டார். பேருந்தில் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. வாடகை, வயிற்றுப்போக்கு, பிள்ளைகளின் மார்க் என்று கண்ட குப்பையும் காதில் விழுந்தது. அலுவலகத்தில்தான் அறுவடை. முதல் நாளே, நீதிபதி வந்தாச்சா என்று கொட்டாவி கேட்பது காதில் விழுந்தது. பெயரைக் கேட்டு அவருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. இந்த மடையர்களுக்கும் தன் தரம் புரிந்திருக்கிறதே என்று பூரித்துப் போனார். கேலி என்று ஒரு சாமான் உலகத்தில் இருப்பதே அவர் கணக்கில் இல்லை.

சில நாள் கழித்துக் கொட்டாவி சில்லறையிடம் ஒரு ரகசியம் சொன்னான். மேலாளருக்குச் சாயம் பூசின மீசையைக் கண்டாலே ஆகாதாம், அப்படிப்பட்டவனை நம்பிப் பொறுப்புக் கொடுக்க மாட்டாராம். நீதிபதி இமைக்காமல் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். மறுநாள் காலை குளியலறையிலிருந்து வெளியே வந்த மனிதரைப் பார்த்து மனைவி ஒரு கணம் திடுக்கிட்டாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருந்த, நரைத்ததிலிருந்து சாயம் பூசி வந்த மீசையைக் காணோம். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, எல்லாம் ஒரு காரணமாகத்தான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அன்று அலுவலகத்தில் சில்லறை சிரித்த சிரிப்பில் உண்டியலே உடைந்த மாதிரி இருந்தது. கொட்டாவி ஏதோ கோப்பைத் தேடுகிற சாக்கில் மேசைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டான். உருப்படாத கூட்டம் என்று நீதிபதி மனசுக்குள் எழுதிக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம்தான் பெரிய செய்தி கிடைத்தது. போன வருஷம் காணாமல் போன மருந்துப் பெட்டிகளைத் தலைமை அலுவலகம் தோண்டுகிறதாம். விசாரணை வருமாம். புதிதாக அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார்களோ அவர்கள் தலையில்தான் விடியுமாம். கொட்டாவி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான், ஆனாலும் தெளிவாகக் கேட்டது.

"ஐயையோ, எனக்கு வேணாம்பா அந்த நாற்காலி" என்றாள் சில்லறை. "அந்த நீதிபதி தலையிலேயே கட்டிடுங்க. அவர்தான் ஆசைப்படுறாரே."

நீதிபதிக்கு உடம்பெல்லாம் சூடேறியது. என் தலையிலா கட்டப் பார்க்கிறாய் என்று பல்லைக் கடித்தார். அப்புறம் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. எழுந்து, ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு, மேலாளர் அறைக்குப் போனார். தனக்குப் பதவி ஆசை இல்லை என்றார். இளைய தலைமுறைக்கு வழிவிட வேண்டும் என்றார். அந்தப் பெண்ணைப் போலத் திறமைசாலி இந்தக் கட்டடத்திலேயே இல்லை, அவளையே போடுங்கள், வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன் என்றார். எழுதியும் கொடுத்தார். மேலாளர் நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினார். வாழ்க்கையில் நீதிபதி இன்னொருவரைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அதுவும் குழியில் தள்ளுவதற்காக. வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. அந்தப் பெண் உங்களுக்கு என்ன பண்ணினாள் என்று மட்டும் கேட்டாள்.

தலைமை அலுவலகக் கூட்டத்துக்கு மேலாளர், சில்லறை, கொட்டாவி, அவர் என்று நாலு பேருமாக ரயிலில் போனார்கள். வழியெல்லாம் அவர் ஹெட்போனோடு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, சில்லறையின் முகத்தில் பயம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். தெரியவில்லை. கூட்டத்தில் அவளைப் பிரிவுத் தலைவராக அறிவித்தார்கள், கை தட்டினார்கள், சம்பளம் கூடியது. விசாரணை என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இடைவேளையில் அங்கிருந்த கணக்கர் ஒருவரிடம் அந்த மருந்துப் பெட்டிகள் விஷயம் என்ன ஆயிற்று என்று நைசாகக் கேட்டார்.

அதெல்லாம் போன வருஷமே கிடைத்துவிட்டதே என்றார் கணக்கர். வேறு கிடங்கில் இறக்கி வைத்திருந்தார்களாம். கண்டுபிடித்ததே உங்கள் பிரிவுப் பெண்தான் என்றும் சொன்னார்.

அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை. வதந்தியை நம்பி உளறிய கொட்டாவியை முட்டாள் என்று திட்டித் தீர்த்தார். மரமண்டை ஒருத்தன் சொன்னதை நம்பித் தன் நாற்காலி போயிற்றே என்று வயிறு எரிந்தது. திரும்புகிற ரயிலில் ஏறியதும் பொத்தானை அழுத்தி மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலாளர் தூரத்து இருக்கையில் தூங்கினார்; தூக்கத்திலும் தலை ஆடிக்கொண்டிருந்தது.

ரயில் மலையை நெருங்கும்போது சில்லறை வந்து எதிரே உட்கார்ந்தாள். கொட்டாவியும் வந்தான். அவள் பையிலிருந்து ஒரு புது அட்டைப் பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவர் திரும்பவில்லை. காதில்தான் மாட்டியிருக்கிறதே, திரும்பினால் கேட்கிறது என்று ஆகிவிடுமே.

"உங்களுக்குத்தான் சார் வாங்கினேன்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை, மேசைக்கு மேசை பேசுகிற அதே குரல்தான். "இது நல்லது. போட்டா வெளிய பேசுறது எதுவும் கேக்காது."

அவர் விரல் தாளத்தை விடவில்லை.

"போனோட சேத்துட்டா அந்த நீல லைட்டு நின்னு எரியும் சார். சேக்கலன்னா மினுக்கிட்டே இருக்கும். மொத நாள்லேருந்து மினுக்கிட்டேதான் இருக்கு."

கொட்டாவி தலையைச் சொறிந்தான். தானும் இதே ரகத்தை வாங்கி ஏமாந்தவன்தான் என்றான். மீசை விஷயத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டான். சாருக்குக் கேட்கிறதா இல்லையா என்று சோதித்துப் பார்ப்பதற்காகச் சொன்னதாம் அது, உடனே எடுத்துவிடுவார் என்று நினைக்கவில்லையாம்.

"பெட்டி விஷயமும் சும்மா வெளையாட்டுக்குத்தான் சொன்னோம்" என்றாள் சில்லறை. "நீங்க பயந்து, எனக்கு வேணாம்னு ஒதுங்கியிருந்தா மறுநாளே உண்மையைச் சொல்லியிருப்போம். நீங்க ஒதுங்கலயே சார். அது நெருப்புன்னு நம்பிட்டு, என்னை அதுல தூக்கிப் போடச் சொல்லி எழுதியில்ல குடுத்தீங்க."

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. எழுந்து தன் இடத்துக்குப் போய்விட்டாள். கொட்டாவியும் போனான்.

ரயில் குகைக்குள் நுழைந்தது. வெளியே இருட்டியதும் ஜன்னல் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. மீசை இல்லாத, அவருக்கே பழகாத முகம். காதோரம் நீல விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்துகொண்டிருந்தது. பேருந்து நிறுத்தத்தில், நடைபாதையில், அலுவலகத்தில், மேலாளர் அறையில் கழுத்தோரமாக, அது இப்படித்தான் மினுக்கியிருக்கிறது. அவருக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. பின்னால் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். தன்னைப் பார்த்துத்தானா என்று தெரியவில்லை, திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. பொத்தானை அணைக்கக் கை காது வரைக்கும் போயிற்று. அணைத்தால் எல்லாவற்றையும் கேட்டேன் என்று ஒத்துக்கொண்டதாக ஆகும். கையை இறக்கி, மறுபடியும் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

குகை முடிந்து வெளிச்சம் வந்தது. ஊர் வர இன்னும் நேரம் இருந்தது.