நிற்கக் கூடாத பிரேக்

என் மனைவி கார் மெக்கானிக். நான் தையல்காரன். தையல் மிஷினுக்கு மேல் வேகம் எனக்கு ஒத்துவராது.

அன்று காலை அவள் என்னைக் கடையிலிருந்து கிளப்பிக்கொண்டு போனாள். ஒர்க்‌ஷாப் வாசலில் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நின்றது. இரண்டே இருக்கை. உட்கார்ந்தால் பின்புறம் தரையைத் தொடுகிறதோ என்று சந்தேகம் வரும்.

அதற்குப் புது பிரேக் பேடுகளை அவளே, தனியாகப் பொருத்தியிருந்தாள். இரண்டு வருஷமாக அங்கே வண்டி கழுவி, ஆயில் மாற்றி வந்தவளிடம் முதலாளி முதன்முதலாக ஒப்படைத்த பெரிய வேலை அது. அவர் அதிகம் பேசமாட்டார். "ஸ்டீயரிங் நடுங்கினா நாளையிலேர்ந்து பழையபடி கழுவுற பக்கம்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

"மாட்டியாச்சுல்ல, அப்புறம் என்ன?" என்றேன்.

"மாட்டினா போதாதுங்க, பழக்கணும். வேகமாப் போய் அழுத்திப் பிடிக்கணும். நடக்குற வேகத்துக்கு வந்ததும் விட்டுட்டு மறுபடி வேகம். இப்படிப் பத்துப் பன்னெண்டு தடவை. ஆனா நடுவுல எங்கயும் முழுசா நிறுத்தக் கூடாது. சூட்டோட நின்னா பேடு, சக்கரத்தோட சுத்துற டிஸ்க்ல ஒரே இடத்துல அப்பிக்கும். அப்புறம் காலத்துக்கும் உதறும்."

"இஸ்திரிப் பெட்டியத் துணிமேல வெச்சுட்டு மறந்துட்ட மாதிரி."

"அதேதான். நீங்க பின்னாடி வண்டி வருதான்னு பாத்துச் சொன்னாப் போதும்."

ஊருக்கு வெளியே பூட்டிக் கிடந்த தொழிற்சாலையை ஒட்டி நேர்ச்சாலை ஒன்று உண்டு. விடுமுறை நாள்; ஈ காக்கை இல்லை. ஒரு முனையில் ரவுண்டானா, அதற்குச் சற்று முன்னால் வெளியூர் பஸ் நிறுத்தம், பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை. அவள் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள். என் வயிறு இருக்கையிலேயே தங்கிவிட, மற்ற உறுப்புகள் முன்னால் போயின. அடுத்து பிரேக். இப்போது வயிறு மட்டும் முன்னால் போனது.

"பின்னாடி யாராவது?"

"கண்ணத் தொறந்ததும் சொல்றேன்."

திறந்தேன். பஸ் நிறுத்தத்தில் என் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

சாயங்காலம் வருவதாகச் சொன்னவள் காலையிலேயே வந்து இறங்கிவிட்டாள். மருமகள் வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறாள் என்ற செய்தி போனதிலிருந்து நேரில் பார்க்கத் துடித்துக்கொண்டிருந்தாள். மகன் சிவப்புக் காரில் வருவதைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாகி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பெட்டியைத் தூக்கினாள்.

"ஐயோ, அத்தை" என்றாள் என் மனைவி. ஆனால் கால் ஆக்ஸிலரேட்டருக்குப் போய்விட்டது. கண்ணாடியில் அம்மா பெட்டியோடு சின்னதாகிக்கொண்டே போனாள்.

அடுத்த சுற்றில், வண்டி ஊர்ந்தபோது, அம்மா பெட்டியும் கையுமாகக் கூடவே நடந்தாள்.

"எங்கடா போறீங்க, என்னை விட்டுட்டு?"

"நிறுத்தக் கூடாதும்மா. பிரேக் போட்டுட்டு இருக்கோம்."

"பிரேக் போட்டா நிக்கணும்டா."

"இது அந்த மாதிரி பிரேக் இல்லம்மா."

இதைவிட நல்ல பதில் வாயில் வருவதற்குள் நாங்கள் அரை மைல் தாண்டியிருந்தோம்.

"நிறுத்திடட்டுமாங்க?" என்று இவள் கேட்டாள். "அத்தை ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

"நின்னா இந்த வேலை போயிடும்ல?"

"போயிடும்."

"அப்ப ஓட்டு. அம்மாவ நான் பாத்துக்கறேன்" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

அதற்கடுத்த சுற்றில் சக்கரங்களிலிருந்து புகை கிளம்பியது. கருகல் வாடை மூக்கைத் துளைத்தது. "புதுப் பேடுன்னா அப்படித்தான், கிடக்கு விடுங்க" என்றாள் இவள். இதை அம்மாவுக்கு யார் சொல்வது? நாங்கள் கடக்கும்போது அவள் பஞ்சர் கடைக்காரரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"மருமக ஓட்டுறா. பிரேக் பிடிக்கல, வண்டி நிக்கவே மாட்டேங்குது. இப்ப தீயும் புடிச்சிருச்சு. என் பிள்ளை உள்ள இருக்கான்."

திரும்பி வந்தபோது, ட்யூப் முக்கிப் பார்க்கும் தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் அம்மாவின் கையில் இருந்தது. பஞ்சர் கடைக்காரர் கையில் இன்னொன்று, தயார் நிலையில்.

என் மனைவியின் முகம் வெளுத்தது. "சூட்டுல தண்ணிபட்டா டிஸ்க் அவ்வளவுதாங்க. கோணிக்கும்."

வண்டி நடை வேகத்துக்கு வந்தது. அம்மா வாளியை ஓங்கினாள். நான் கதவைத் திறந்து குதித்தேன். குதித்தேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது, விழுந்தேன். எழுந்து கையை விரித்து நிற்கவும் அம்மாவின் வாளி என் மார்பில் வந்து இறங்கியது. பஞ்சர் கடைக்காரர் நல்ல மனுஷர், தன் வாளியையும் வீணாக்கவில்லை. கார் ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு, சொட்டுத் தண்ணீர் படாமல், போயே போய்விட்டது.

"உன்னத் தள்ளி விட்டுட்டுப் போறாளேடா."

"நானாத்தான் குதிச்சேன்மா. அவ மெதுவா ஓட்டி வண்டிச் சூட்டை ஆத்தணும்."

"வண்டிக்குச் சூடு ஆறணும், உனக்குச் சளி புடிக்கணும். நல்ல குடும்பம்."

ஈரத்தோடு நானும் பெட்டியோடு அம்மாவும் ஷேர் ஆட்டோ பிடித்து ஒர்க்‌ஷாப் வந்து சேர்ந்தபோது, முதலாளி சோதனை ஓட்டத்துக்குச் சாவியை எடுத்துக்கொண்டிருந்தார். என் மனைவி கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டு நின்றாள். யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், காலையிலிருந்து அந்தக் காருக்காகக் காத்திருந்த என் அம்மா கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டாள். முதலாளி அவளைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார்.

அவர்கள் திரும்பும்வரை, என் சட்டையிலிருந்து தரையில் சொட்டிய தண்ணீரை இவள் துடைத்துத் துடைத்து, நான் நின்ற மூலை மட்டும் பளபளவென்று ஆகிவிட்டது.

கார் வந்தது. வாசலுக்கு நேராக, வேகமாகவே வந்து, வெண்ணெயில் இறங்கிய கத்திபோல் மெத்தென்று நின்றது. முதலாளி இறங்கி, ஸ்டீயரிங் பிடித்த தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நடுக்கம் இல்ல" என்றார். சற்று யோசித்து, "அந்த வெள்ளை வண்டிக்கும் பேடு மாத்தணும். நீயே செய்" என்று உள்ளே போனார்.

அம்மா சிரமப்பட்டு இறங்கினாள். கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, மருமகளின் கிரீஸ் அப்பிய கையைப் பிடித்து நிமிர்ந்தாள்.

"அந்த வெள்ளை வண்டிய எப்பப் பழக்கணும்?"

"வியாழக்கிழமை, அத்தை."

"நான் வரேன். இவன் வேண்டாம், பாதியில குதிச்சிடுவான்."