நிறுத்தி வைத்த மலை

ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கிற மஞ்சக்கல் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடும்பங்கள் காம்பராவுக்கு ஒன்றாகக் குடியிருக்கிற கீழ்ப் பிரிவு லயத்துக்குப் பின்னால் இருந்த மலை போன கார்த்திகை மாதம் சரியத் தொடங்கிப் பாதி வழியில் நின்றது. இன்னும் அங்கேதான் நிற்கிறது. லொறி அளவு கல் ஒன்று லயத்தில் குடியிருக்கிற இராக்கம்மாவின் குசினித் தகரத்துக்கு மேலே எதையும் தொடாமல் அந்தரத்தில் இருக்கிறது. அதற்குப் பின்னால் சேறும், தேயிலைச் செடிகளும், வேரோடு சாய்ந்த டர்பன்டைன் மரங்களும் மடிந்த கம்பளியைப் போல நிற்கின்றன. மலை சரிந்த நேரத்தில் லயத்தின் கடைசிக் காம்பராவில் கலாராணி ஒரு பழைய டீவி கேமை விளையாடிக்கொண்டிருந்தாள். அதை அவள் நிறுத்தி வைத்தாள். மலையும் நின்றது. தோட்டத்தில் இதைப் பற்றி இரண்டாவது கருத்து கிடையாது.

கலாராணி குவைத்தில் பல வருஷம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவள். திரும்பிய நாளிலிருந்து அவளுக்குப் பயம். ஃபோன் அடித்தால் பயம், கதவு தட்டினால் பயம், எங்கிருந்து எது வந்து விழும் என்று தெரியாத பயம். எல்லவில் ஆட்டோ ஓட்டுகிற அவளுடைய தம்பி அஜந்தன் மருந்து எடுக்க அவளைப் பதுளைக்குக் கூட்டிப்போன ஒரு நாளில், இரண்டு பேரும் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஷுக்ரியின் கடையைப் பார்த்தார்கள். ஷுக்ரி பழைய டீவி கேம் பெட்டிகளைத் தேடி வாங்கி, திருத்தி, விற்கிறவர். அவரிடம் பிள்ளைகள் வருவதில்லை. மாஸ்டர்மாரும், பேங்கில் வேலை செய்கிறவர்களும், நரை விழுந்த பஸ் கண்டக்டர்களும் வந்தார்கள். கேம் கெசட்டை எடுத்து வாயால் ஊதிப் பெட்டியில் போட்டார்கள். அந்த டிங் டிங் மியூசிக் கேட்டதும் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்கள். விறகுவெட்டி ஒருவன் மலைமேல் பாலம் பாலமாகத் தாண்டி ஓடுகிற ஒரு கெசட் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. கலாராணி அதைக் கையில் எடுத்தாள், திருப்பி வைக்கவில்லை.

"இதவிட நல்ல கேம் ஃபோனிலயே ஈக்குதே தங்கச்சி," என்றார் ஷுக்ரி.

"இருக்குங்க. ஆனா அதுல எது எங்க வரும்னு தெரியாது. இதுல கட்டை எங்க உருளும், குழி எங்க இருக்கும்னு எல்லாம் எனக்குத் தெரியுங்க. இருந்த எடத்துலயேதான் இருக்கும்."

ஷுக்ரி ஒரு பெட்டியையும் அந்தக் கெசட்டையும் பையில் போட்டுக் கொடுத்தார். அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஏறத்தாழ இதையேதான் சொல்லியிருந்தார்கள்.

அந்த விறகுவெட்டியை லயம் முழுவதற்கும் தெரியும். கலாராணியும் அஜந்தனும் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவர்களுடைய அப்பா ஒரு டீவி கேம் வாங்கி வந்தார். அடுத்த காம்பராவில் இருந்த பொன்னையா அப்போது புது மாப்பிள்ளை. காலையில் பெரட்டுக்குப் போய், மலை வேலை முடித்து வந்து முகத்தைக்கூடக் கழுவாமல், சின்னப் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவர் மனைவி இராக்கம்மா வாசற்படியில் நின்று சிரிப்பாள். எல்லாரும் மூன்றாம் பாலத்தில்தான் செத்தார்கள். அந்தப் பாலத்தில் முன்னால் ஓடினால் பாலம் உடையும். நின்றாலும் உடையும். துரத்தி வருகிற வெள்ளத்தைப் பார்த்தே ஓரடி திரும்பி ஓடி, கீழே தெரிகிற கல்லில் குதிக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்தவர் பொன்னையா. அன்றைக்கு லயமே விசில் அடித்தது. பிறகு அப்பா செத்துப்போனார், பெட்டியும் ரிப்பேராகிப் போனது, கலாராணி பாஸ்போர்ட் எடுத்தாள்.

இப்போது மறுபடியும் பெட்டி வந்ததில் அவளுடைய பயம் கொஞ்சம் விலகியது. ஜொய்ஸ்டிக்கைப் பிடிக்கிற நேரம் கை நடுங்கவில்லை. மழைக்கு டூரிஸ்ட் வராத நாட்களில் அஜந்தனும் பக்கத்தில் உட்கார்ந்தான். மலை ஒரு நாள் சரியும் என்று எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. லயத்தை விட்டு எழும்பச் சொல்லிப் பல வருஷத்துக்கு முன்பே அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே எழும்பிப் போவது என்று சொல்லவில்லை. ஆகவே யாரும் போகவில்லை.

கார்த்திகையில் விடாமல் மழை. குளிக்கிற பீலித் தண்ணீர் பால் இல்லாத பிளேன்டீ நிறத்தில் வந்தது. லயத்துக்குப் பின்னால் தரை வெடித்து, அந்த வெடிப்புக்குள் ஒரு கோழி போய்த் திரும்பவில்லை. அன்று மத்தியானமே கரண்டு போய்விட்டது. அஜந்தன் ஆட்டோ பெட்டரியிலிருந்து வயர் இழுத்து, இன்வேர்ட்டர் ஒன்றின் வழியாக டீவிக்கும் கேம் பெட்டிக்கும் கரண்டு கொடுத்திருந்தான். விறகுவெட்டிக்கு ஒரே ஒரு உயிர் மிச்சம். அருவிக் கட்டத்தில் கட்டைகள் உருண்டு வந்துகொண்டிருந்தன. அப்போது பின்னால் பல லொறிகள் ஒன்றாக ஏற்றம் ஏறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று கேட்பதற்காகக் கலாராணி ஆட்டத்தை நிறுத்தினாள். சத்தமும் நின்றது.

"ஒண்ணுமில்லக்கா," என்று அஜந்தன் எட்டிப் பொத்தானை அமுக்கினான். சத்தம் மறுபடி எழுந்தது, குசினிச் சுவர் மேலிருந்து கீழாகப் பிளந்தது.

"நிறுத்துடா!"

அமுக்கினான். நின்றது. சுவரிலிருந்து உதிர்ந்த காரை மட்டும் தரையில் விழுந்து அடங்கியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அஜந்தன் பின்கதவைத் திறந்தான். சேறு கதவை விட உயரமாக நின்றது. அதற்கு முன்னால் மழைத்துளிகள் கண்ணாடி மணிகளாகத் தொங்கின. விரலால் தொட்டான். ஊசி மாதிரிக் குத்தியது, அசையவில்லை. சேற்றுக்கும் லயத்துக்கும் நடுவில், வீட்டைப் பார்த்து ஓடிவருகிற நிலையில், ஒரு கால் தரையில் படாமல், வாய் திறந்தபடி பொன்னையா நின்றார். மழைத் தண்ணீர் வடிவதற்குக் கானை வெட்டிவிடப் போயிருந்தவர். கையிலிருந்து நழுவிய மம்மட்டி இடுப்பளவில் தொங்கியது. அவருக்கு நேர் மேலே, கொஞ்சம் முன்னால், அந்தக் கல்.

அஜந்தன் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். கருங்கல்லில் செதுக்கின சட்டை போல இருந்தது. பிறகு காம்பரா காம்பராவாக ஓடிக் கதவைத் தட்டினான். சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலடிக்கு ஓடினார்கள். பின்பக்கம் திரும்பிப் பார்த்தவர்கள் கத்தவில்லை. கத்தினால் மலைக்குக் கேட்டுவிடும் என்பது போல வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். இராக்கம்மா மட்டும் போகவில்லை. புருஷனுக்கு முன்னால் போய் நின்று, அவருடைய கண்ணில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைக்கப் பார்த்தாள். துடைக்க முடியவில்லை.

"உள்ள வாங்க மதினி," என்று கலாராணி அழைத்தாள். ஜொய்ஸ்டிக்கை விட்டு அவள் கையை எடுக்கவில்லை. டீவியின் நான்கு ஓரத்திலிருந்தும் கறுப்பு உள்ளே வரத் தொடங்கியிருந்தது.

"பெட்டரி எறங்குதுக்கா," என்றான் அஜந்தன். "எஞ்சினை ஓட விட்டாலும் பத்தாது."

"வேற பெட்டரி?"

"மேல் பிரிவுல இருக்கு. போய் வர்றதுக்குள்ள இது நின்னுரும்."

இராக்கம்மா கலாராணியின் தோளைப் பிடித்தாள். "அவரு ஓடி வந்துட்டுத்தானே இருக்காரு. கொஞ்சம் விடு, ஓடட்டும். மறுபடி நிறுத்து."

"விட்டா கல்லும் எறங்கும் மதினி. இந்தப் பக்கம் ஓடி வந்தா அது அவரு மேலதான் விழும்."

அஜந்தன் கதவுக்கு வெளியே பார்த்தான். பொன்னையாவுக்குப் பின்னால், சேற்றுக்குச் சற்று முன்னால், அவர் வெட்டின கான் குறுக்கே போனது. அதில் விழுந்தால் தண்ணீர் ஒற்றையடிப் பாதைப் பக்கம் தள்ளிவிடும். ஆனால் அதற்கு அவர் மலையைப் பார்த்துத் திரும்பி ஓட வேண்டும். எந்த மனிதனும் அப்படி ஓடமாட்டான். நின்று விளக்கிச் சொல்லவும் நேரமில்லை, கண் இமைக்கிற நேரத்துக்குத்தான் அவருக்குக் காது கேட்கும்.

"அக்கா, மூணாம் பாலம்," என்றான் அஜந்தன்.

கலாராணிக்குப் புரிந்தது. விறகுவெட்டி அருவியில் அந்தரத்தில் இருந்தான். ஆட்டத்தை விடுகிற ஒவ்வொரு முறையும் அவனும் ஓடுவான், கட்டைகளும் உருளும். அவன் செத்தால் ஆட்டம் முடிந்தது என்று எழுத்து வந்துவிடும், அதற்குப் பிறகு நிறுத்துவதற்கு ஒன்றும் இருக்காது. நடுங்குகிற கையாலேயே அமுக்கினாள்.

மலை இரைந்தது. "மூணாம் பாலம்!" என்று அஜந்தனும் இராக்கம்மாவும் தொண்டை கிழியக் கத்தினார்கள். கலாராணி கட்டையைத் தாண்டி, நிறுத்தினாள். பொன்னையா ஓரடி வீட்டுப் பக்கமாக வந்திருந்தார். கல் ஓர் ஆள் உயரம் இறங்கியிருந்தது. மறுபடி அமுக்கினாள். மறுபடி கத்தினார்கள். நிறுத்தினபோது பொன்னையாவின் கண் அவர்கள் பக்கம் திரும்பியிருந்தது. கேட்டிருக்கிறது, நம்பவில்லை. டீவியில் படம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டது. விறகுவெட்டி எறும்பு மாதிரித் தெரிந்தான். கட்டை வருவதைக் கண்ணால் பார்க்க முடியாமல், மியூசிக்கைக் கேட்டுக் கணக்குப் பிடித்துத் தாண்டினாள்.

"திரும்பிட்டாரு!" என்றான் அஜந்தன். "அக்கா, திரும்பிட்டாரு!"

புருஷன் மலையைப் பார்த்து நிற்பதைப் பார்த்ததும் இராக்கம்மா கீழே உட்கார்ந்துவிட்டாள். கலாராணி அமுக்கினாள். பொன்னையா சேற்றை நோக்கிப் பாய்ந்தார். அவருடைய தலைக்கு மேல் ஒரு மரத்தின் வேர் வந்து நின்றது. இன்னொரு முறை அமுக்கினாள். தலை தெரியவில்லை, கால் மட்டும் கானுக்கு மேலே தெரிந்தது. கல் குசினித் தகரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கடைசியாக ஒரு முறை விட்டாள். பாதைப் பக்கம் கான் முடிகிற இடத்தில், தண்ணீரோடு சேர்ந்து பொன்னையா உருண்டு வந்து விழுந்தார். அவர் மேல் சாதாரண மழை பெய்தது.

கலாராணி நிறுத்தினாள். அதன் பிறகு ஜொய்ஸ்டிக்கைத் தரையில் வைத்து, தன் கை இரண்டையும் சீலைக்குள் மறைத்துக்கொண்டாள். கோயிலடிக்கு ஓடினவர்கள் சொல்லி, மேல் பிரிவு ஆட்டோக்காரர்கள் பெட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது படம் ஒரு பொட்டு அளவில் இருந்தது.

அஜந்தன் ஃபோனில் சொல்லி, மறுநாள் ஷுக்ரி வேனில் யூபிஎஸ் பெட்டிகளோடு வந்தார். பின்கதவு வழியாக ஒரு தரம் பார்த்தார். பிறகு வயர் வேலையை முடித்து, பொத்தானுக்கு மேல் ஒரு இரும்பு மூடியைப் போட்டு இறுக்கினார். டீ கொடுத்தார்கள், குடிக்கவில்லை. "நான் ரோட்டுக்குப் போய்க் குடிக்கிறேன்," என்றார்.

அதிகாரிகளும் வந்தார்கள், பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருந்த சனங்களைப் பார்த்தார்கள், மலையில் கருவி வைத்து அளந்தார்கள். அளந்ததில் மலை ஒரு நூல்கூட அசையவில்லை. மற்ற மலைகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்துகொண்டிருக்க, மஞ்சக்கல் மலைதான் ஊவா மாகாணத்திலேயே மிகவும் உறுதியாக நிற்கிறது என்று சொன்னார்கள். ஆகவே புது வீடு இல்லை. மண்டபத்தைப் பரீட்சைக்குத் திருப்பிக் கேட்டபோது சனங்கள் லயத்துக்கே வந்தார்கள். பிளந்த சுவருக்குச் சிமெந்து பூசினார்கள். கடைசிக் காம்பராவில் டீவிக்குப் பக்கத்தில் குடும்பத்துக்கு ஒருவராக முறை வைத்து உட்காருகிறார்கள். கலாராணி தன் முறையில் டீவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள். விளையாட ஆசையா என்று அஜந்தன் ஒரு நாள் கேட்டதற்கு, "நான் எங்கடா தம்பி வெளையாடுறது?" என்றாள். பொன்னையாவுக்கு மலை நின்றது எதுவும் தெரியாது. ஓடினேன், யாரோ கத்தினார்கள், குதித்தேன் என்றுதான் சொல்கிறார். மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக் கடைசியில் தலையை ஆட்டி, மத்தியானச் சோற்றுக்கு எழுந்து போகிறார்.

இந்த வருஷமும் மழை தொடங்கிவிட்டது. கல்லுக்குக் கீழே மட்டும் ஒரு சொட்டு விழுவதில்லை. இராக்கம்மா அங்கே ஒரு துணிக்கொடி கட்டியிருக்கிறாள். முதலில் அவள் மட்டும்தான் காயப்போட்டாள். இப்போது லயத்துத் துணி எல்லாம் அங்கேதான் தொங்குகிறது. நன்றாகக் காய்கிறது. எடுக்கப் போகிறவர்கள் குனிந்து போய், குனிந்தபடியே வருகிறார்கள்.