நீலப் புள்ளி

பதினேழு வருடம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் நான். கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்து ஸ்லைடில் தடவிய செல்களைப் பார்த்து, புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் நீலப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பேன். புள்ளி இருந்தால்தான் டாக்டர் பார்ப்பார். இல்லாவிட்டால் 'நார்மல்' என்று ரிப்போர்ட் போய்விடும்.

பிறகு விதி வந்தது: பட்டம் படித்தவர்கள்தான் புள்ளி வைக்கலாம். விதி போட்ட மகராசன் ஒருநாளாவது லென்ஸைத் தொட்டிருப்பானா, தெரியாது. என்னிடம் இருந்தது இரண்டு வருட டிப்ளமோ. என் நாற்காலியில் ஒரு பட்டதாரிப் பெண் உட்கார்ந்தாள். பார்த்து முடித்த ஸ்லைடுகளை எண்வாரியாக அடுக்கும் அறைக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே ஒரு பழைய மைக்ரோஸ்கோப்பும் என்னைப் போலவே மூலையில் கிடந்தது.

கை சும்மா இருக்குமா? அடுக்கும் முன் ஒன்றிரண்டைப் பார்ப்பேன். ஒருநாள், 'நார்மல்' என்று வந்த ஸ்லைடின் ஓரத்தில் ஏழெட்டு செல்கள், உட்கரு பெருத்துக் கறுத்து, புற்றுநோயின் சாயலில். எடுத்துக்கொண்டு அந்தப் பட்டதாரியிடம் ஓடினேன்.

"இத இன்னொரு தடவ பாரும்மா."

"அக்கா, இதுக்குத்தான் நான் அஞ்சு வருஷம் படிச்சிருக்கேன். நீங்க அடுக்குற வேலைய மட்டும் பாருங்க."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நேராக டாக்டரிடம் போயிருக்கலாம். எக்கேடாவது கெட்டுப் போங்கள் என்று திரும்பி வந்தேன். ஆத்திரத்தில் அந்தச் செல்களின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, ஸ்லைடை இழுப்பறையில் தள்ளிச் சாத்தினேன்.

எட்டு மாதம் கழித்து டாக்டர் அந்த எண்ணுள்ள ஸ்லைடைக் கேட்டார். ரத்தப்போக்கோடு அந்த ஸ்லைடுக்குரிய நோயாளி திரும்பி வந்திருக்கிறாளாம். ஸ்பிரிட் பஞ்சு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. புள்ளியைத் துடைக்க மனம் வரவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

லென்ஸிலிருந்து அவர் தலை நிமிர வெகுநேரம் ஆனது.

"யாரு வச்ச புள்ளி இது?"

பக்கத்தில் நின்றிருந்த பட்டதாரி தரையைப் பார்த்தாள்.

"நான்தான் சார். அப்பவே வச்சேன்."

"தெரிஞ்சுமா எங்கிட்ட சொல்லாம இருந்தீங்க?"

தகுதி இல்லை என்று சொன்னதே நீங்கள்தானே என்ற பதிலை எட்டு மாதமாக நாக்கு நுனியில் வைத்திருந்தேன். இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

வெளியே பெஞ்சில் அந்த நோயாளிப் பெண் துரும்பாக இளைத்து உட்கார்ந்திருந்தாள். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"மேடம், போன தடவ நார்மல்னுதான சொன்னீங்க?"

"ஆமாம்மா, சொன்னோம்" என்றேன்.